வாவிக்கு அக்கரையில் வேலை

மட்டக்களப்பில் வேலைக்குப் போகும் பலர் முதலில் தண்ணீரைக் கடக்க வேண்டியிருக்கிறது. வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி என்று ஊரோடு ஊர் நெருங்கிக் கிடக்க, கடைகளும் கந்தோர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கந்தான். மேற்கே படுவான்கரை. வயல், குளம், மாட்டுப்பட்டி, தள்ளித் தள்ளி இருக்கும் கிராமங்கள். நகரத்தின் நடுவான புளியந்தீவோ பெயருக்கேற்ற தீவு. நெல் ஒரு கரையில் விளைய, அதை விற்றுக் காசாக்கும் சந்தை மறுகரையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒரு கரையில், அங்கே படிப்பிக்கும் ஆசிரியரின் வீடு மறுகரையில்.

பெரிய நகரங்களில் பஸ்ஸையும் ரயிலையும் விட்டால் வேலைக்குப் போக வேறு என்ன வழி என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். இந்த வாவிக்கரையில் அந்தக் கேள்வி தலைகீழாகத்தான் இருந்தது. எல்லா வழியும் அடைபட்டால்தான் பஸ் நினைவுக்கு வரும். 1928 இல் ரயில் மட்டக்களப்பு வரை வந்தது. அங்கே நின்றது நின்றதுதான். தெற்கே களுவாஞ்சிக்குடிக்கோ கல்முனைக்கோ இன்றும் தண்டவாளம் இல்லை. 1958 இல் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது, சிவப்பு பஸ் கடலோரப் பெருவீதியில் ஒழுங்காக ஓடியது. வாவிக்கு அக்கரையில் அது அருமையாக வந்துபோகும் விருந்தாளி. வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

ஆகவே அன்று அக்கரையில் வேலை உள்ளவர் போய்வரவில்லை. போய்த் தங்கினார்.

காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ வீடும், படுவான்கரையில் வயலும் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். விதைப்புக்குப் போனால் அவர் வாடியில் படுத்தார். வயல் நடுவே மேடான ஓர் இடத்தில் கம்பு நட்டுக் கூரை போட்ட குடில் அது. அரிசி, உப்பு, கருவாடு, தேயிலை, சீனி எல்லாம் கரத்தையில் ஏற்றிக்கொண்டு போனால், வேளாண்மைக் காவலும் வெட்டும் சூடடிப்பும் முடியும்வரை இடையிடையேதான் வீடு. யானைக்கும் பன்றிக்கும் இரவில் விழித்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் யாரும் சொல்லாதது: ஒருநாள் போய்வர ஒருநாள் தேவைப்பட்டது. மாட்டின் நடையில் ஊருக்கும் வயலுக்கும் இடையிலான தூரம் அவ்வளவு பெரிது.

ஆசிரியர்களும் அப்படித்தான். கொக்கட்டிச்சோலைக்கோ பழுகாமத்துக்கோ நியமனம் கிடைத்த எழுவான்கரை ஆசிரியர் திங்கட்கிழமை விடியப் புறப்பட்டு வெள்ளி பிற்பகல் திரும்புவார். இடைப்பட்ட இரவுகளுக்கு யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையோ, பள்ளிக்கூடத்தை ஒட்டிய சிறு அறையோ கிடைக்கும். சாப்பாடு ஊரார் பொறுப்பு. மாலையில் லாம்பு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு பாடம் நடக்கும். எழுதத் தெரியாதவருக்குக் கச்சேரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். கூத்துப் பழகும் களரியில் பாயைப் போட்டு அவரை முன்னால் இருத்துவார்கள். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறார் என்பது ஊருக்கும் தெரியும். அந்த நாட்களைப் பற்றிப் பேசுவோர் இந்த நெருக்கத்தை மட்டும் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் தகப்பன் முகம் காணாமல் வளர்ந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்று அதே பள்ளிக்கூட வாசலில், காலை 7.30 மணிக்கு முன் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மர நிழலில் நிற்கின்றன. பிற்பகல் 1.30 க்கு மணி அடித்துச் சில நிமிடங்களில் மர நிழல் மட்டும் மிஞ்சுகிறது. வயற்காரரும் விடியப் போய் மருந்தடித்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிறார். வாடிகள் முற்றாக மறையவில்லை, யானையும் மறையவில்லை. ஆனால் காவல் காலத்தில்கூடப் பலர் இரவுக்குப் போய் விடியத் திரும்புகிறார்கள். அன்று ஒரு போகம் முழுவதும் நீண்ட தங்கல், ஒரு டாங்கி பெற்றோலில் முடிகிற ஓட்டமாகிவிட்டது.

அன்றைய தங்கலுக்கும் இன்றைய ஓட்டத்துக்கும் நடுவே ஒரு நெடுங்காலம் இருக்கிறது. அதைப் பாதையின் காலம் என்று சொல்லலாம். மட்டக்களப்பார் பாதை என்பது துறையிலிருந்து துறைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவையை. மண்முனைத் துறை, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் நடுவே ஒன்று, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே ஒன்று, வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் நடுவே ஒன்று, கிண்ணையடிக்கும் முறுக்கன்தீவுக்கும் நடுவே ஒன்று. இன்னும் சிறிய துறைகளில் தோணியும் வள்ளமும் இருந்தன. தண்ணீர் வற்றும் காலத்தில் சில இடங்களை இடுப்பளவு நீரில் நடந்தே கடந்தவர்களும் உண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கியபடி.

பாதை ஒரு பலகைத் தளம். ஓரத்தில் கைபிடிக்கக் கம்பி. அதில் ஏறியவற்றைப் பட்டியல் போட்டால் அன்றைய படுவான்கரையின் வரவு செலவுக் கணக்கே வந்துவிடும். போகும்போது உரமூட்டை, மண்ணெண்ணெய், பாண், கொப்பி புத்தகம், சீமெந்து. வரும்போது நெல், சட்டித் தயிர், விறகு, வெள்ளரிப்பழம், ஆற்று மீன், கால் கட்டிய கோழி. இவற்றுக்கிடையே கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணியும், சான்றிதழ் வாங்கக் கச்சேரிக்குப் போகும் இளைஞனும், ஆசிரியர்களும், அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளும். எல்லோரும் ஒரே பலகையில்தான் நிற்க வேண்டும். புறப்படுகிற நேரத்தில் கரையில் யாரோ கை காட்டுவார்கள். "கொஞ்சம் பொறு மனே, ஆச்சி ஏறட்டும்" என்று ஒரு குரல் எழும், பாதையும் பொறுக்கும். அவசரக்காரர் முணுமுணுப்பார். நாளைக்கு அவருக்காகவும் அது பொறுக்கும் என்பதால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்வார்.

கதை கேட்க இது நன்றாக இருக்கிறது. அவசரம் உயிரோடு சம்பந்தப்பட்டபோது நன்றாக இருக்கவில்லை. கச்சான் காற்று பிற்பகலில் பலத்தால் பாதை நிற்கும். மாரியில் வாடைக்காற்றோடு வாவி பெருகினால் துறையே எங்கே என்று தேட வேண்டும். இருட்டிய பிறகு பாதை இல்லை. இரவில் பாம்பு கடித்தவரையும் வயிற்றுவலி கண்டவளையும் ஊரார் கட்டிலோடு தூக்கிக்கொண்டு துறைக்கு வந்து, அக்கரையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து நின்றிருக்கிறார்கள். மறுவழி, வவுணதீவுக்குப் போய் வலையிறவுப் பாலத்தால் நகரத்துக்குள் நுழைவது. தெற்கே இருப்பவர்களுக்குப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்குப் போவது. நேரே பார்த்தால் தெரியும் ஊருக்கு அவ்வளவு சுற்று.

நகரத்துக்குள் இந்தக் காத்திருப்பின் இன்னொரு வடிவம் கல்லடிப் பாலம். 1924 இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்துக்கு அப்போதைய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரை வைத்தார்கள். கீழே மீன் பாடுகிறது என்று ஊர் உலகமெல்லாம் பேர். மேலே போனவர்களுக்கு வேறு நினைவு: ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வாகனம் போகலாம். எதிரே வரும் கடைசி வண்டி இறங்கும்வரை இந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒற்றை மாட்டுக் கரத்தைக்கும் சில மோட்டார் கார்களுக்கும் போட்ட பாலம், லொறியையும் பஸ்ஸையும் தாங்கிக்கொண்டு ஏறக்குறைய 90 ஆண்டு வேலை செய்தது. சைக்கிள்காரர் மட்டும் காத்திருந்ததில்லை. கம்பி ஓரத்தோடு ஒட்டிப் போய்விடுவார். நகரத்தில் சைக்கிளுக்கு இருந்த மதிப்பின் ஒரு பங்கு அந்தப் பாலத்தால் வந்தது என்றே எனக்குப் படுகிறது.

சைக்கிள் இங்கே ஏழையின் வண்டியாக மட்டும் இருந்ததில்லை. கச்சேரி இலிகிதரும் தபால்காரரும் பாடசாலை அதிபரும் அதில்தான் போனார்கள். றலி, ஹம்பர் என்று இங்கிலாந்துப் பெயர்கள் முதலில், பிறகு லுமாலா. வலைக்குள் பந்தும், டைனமோ விளக்கும், சில்லில் பூச்சூட்டிய கம்பிகளுமாக அதை அலங்கரிப்பது ஒரு கலை. பெண்கள் சைக்கிள் ஓடுவதைப் பார்த்து வெளியூரார் வியந்தது உண்டு. இங்கே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தட்டையான நிலம், மேடு என்று சொல்ல ஏதும் இல்லை. காற்று எதிர்த்தால்தான் சைக்கிளுக்கு ஏற்றம்.

போர் வந்தபோது சைக்கிள் இன்னும் முக்கியமானது. 1990 க்குப் பிறகு எழுவான்கரை அரசின் கையிலும், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்தது. 2007 வரை ஏறத்தாழ இதே நிலை. வாவி எல்லையானது. வேலைக்குப் போவது எல்லை கடப்பதானது. காவலரண் கண்ணில் பட்டதும் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அடையாள அட்டை, பை, சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் திறந்து காட்டப்படும். பற்றரியும் யூரியாவும் சந்தேகப் பொருள்கள். அக்கரையில் இறங்கினால் அங்கேயும் கேட்க ஆட்கள் இருந்தார்கள். சண்டை மூண்ட நாளில் துறை மூடப்படும். போனவர் போன இடத்தில் நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் நடுவில் பல ஆசிரியர்கள் விடாமல் போனார்கள். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடியாத காலம் அது.

பிறகு மாற்றம் விரைவாக வந்தது. 2013 மார்ச்சில் ஜப்பானின் உதவியோடு கல்லடியில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. இருவழி வாகனம், இரு ஓரமும் நடைபாதை. பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. மறு ஆண்டு, 2014 ஏப்ரலில், மண்முனையில் பாலம் வந்தது. அதற்கும் ஜப்பான்தான் உதவியது. நீளம் 210 மீற்றர். சைக்கிளில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பாதை துறைக்கு வருகிறதா என்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்த இடத்தில் இப்போது யாரும் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. பாலத்தோடு காப்பெற் வீதி வந்தது, வீதியோடு மின்கம்பம் வந்தது. இரவில் நோயாளியை ஓட்டோவில் ஏற்றி நேரே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். இந்த ஒன்றுக்காகவே பாலத்தைக் கும்பிடலாம். பாதையின் அருமையைப் பேசும் எவரும், நான் உட்பட, அந்தக் கட்டிலைத் தூக்கி வந்தவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது.

பாலம் வரும்போது பாலத்தில் ஓட வண்டியும் வந்துகொண்டிருந்தது. 2008 இல் இலங்கை முழுவதிலும் பதிவாகியிருந்த மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ பதினேழரை இலட்சம். 2020 இல் 48 இலட்சத்துக்குக் கிட்ட. முச்சக்கரவண்டிகள் இதே காலத்தில் ஏறத்தாழ 4 இலட்சத்திலிருந்து 12 இலட்சத்தை எட்டின. பதிவேட்டில் உள்ளதெல்லாம் வீதியில் ஓடுவதில்லைதான். என்றாலும் பெருக்கத்தின் அளவு தெரிகிறது. கிழக்கில் போர் ஓய்ந்ததும் லீசிங் கம்பனிகள் கடலோரப் பெருவீதி நெடுக அலுவலகம் திறந்தன. கையில் கொஞ்சம் முற்பணம், மாதாமாதம் தவணை, வாசலில் வண்டி. ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவரிடம் ஹொண்டா 90 இருந்தால் அவர் ஊருக்கே பொது. கலியாணத்துக்கும் சாவுக்கும் அவர் வாசலில் ஆள் நிற்கும். இன்று ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு பிளாட்டினா, மகனுக்கு ஒரு பல்சர், மகளுக்கு ஒரு டியோ.

மகளின் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சைக்கிள் ஓடிய பெண்ணுக்கு ஊருக்குள் சுதந்திரம் இருந்தது. வாவிக்கு அக்கரை அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. படுவான்கரைக்கு நியமனம் பெற்ற ஆசிரியை, தாதி, கிராம அலுவலர், அபிவிருத்தி உத்தியோகத்தர் எவராயினும் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆண் தேவைப்பட்டார். கணவனோ அண்ணனோ தன் வேலையை விட்டுத் துறைவரை கொண்டுவந்து விடுவார், பின்னேரம் மறுபடி வந்து காத்திருப்பார். இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பங்களில் இது எழுதப்படாத முதல் காரணம். இன்று காலை ஏழு மணிக்கு மண்முனைப் பாலத்தருகே நின்று பாருங்கள். சேலைக்கு மேலே நீளக் கைச் சட்டையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, முன்கூடையில் சாப்பாட்டுப் பெட்டியோடு பெண்கள் தனித்தனியாக அக்கரை போகிறார்கள். இந்த ஐம்பது ஆண்டுகளில் வாவிக்கரை கண்ட எல்லா மாற்றத்திலும் இதைத்தான் நான் பெரிதாக எண்ணுவேன். எந்தப் பஸ் சேவையும் இதைச் செய்து கொடுத்திருக்காது. செய்து கொடுத்திருக்க முடியாது என்று சொல்லவில்லை, செய்யவில்லை.

ஓட்டோவின் கதை வேறு. மட்டக்களப்பில் அது சென்னையின் ஷேர் ஆட்டோ போல வழியில் கை காட்டி ஏறுகிற வண்டியாக வளரவில்லை. பெரும்பாலும் தனி வாடகைதான். அதனால் நாளாந்தம் வேலைக்குப் போக அதைப் பிடிப்பவர் குறைவு, சம்பளம் கட்டாது. ஆனால் மாதக் கணக்கில் பேசிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றும் ஓட்டோவும், நாலைந்து உத்தியோகத்தர் சேர்ந்து பிடிக்கும் வானும் இங்கே அரைப் பொதுப் போக்குவரத்தாக ஓடுகின்றன. ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண் பிள்ளைகளைத் தொழிற்சாலை பஸ்ஸே வீட்டுச் சந்தியில் வந்து ஏற்றுகிறது. இருட்டோடு போய் இருட்டோடு திரும்பும் பயணம். சந்தியில் அந்த பஸ் நிற்கும். ஆனால் அதே திசையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவிக்கு அதில் இடம் கிடையாது.

அந்தக் கிழவியிடம்தான் கணக்கு இடிக்கிறது. பாதையின் காலத்தில் அவளும் ஆசிரியரும் ஒரே பலகையில் நின்றார்கள், ஒரே காற்றுக்குக் காத்திருந்தார்கள். பாதை பிந்தினால் பெரிய உத்தியோகத்தருக்கும் பிந்தியது. ஆகவே பாதை பிந்துவதைப் பற்றிக் கச்சேரிவரை பேச்சுப் போனது. இப்போது பஸ் வராவிட்டால் அது பஸ்ஸுக்கு நிற்பவர்களின் பாடு. மாவட்டத்தின் சனத்தொகை 1981 இல் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம். 2012 இல் 5 இலட்சத்து 26 ஆயிரம். வீதியும் அகன்றது. இத்தனை பெருக்கத்திலும் படுவான்கரையின் உட்கிராமங்களுக்குப் போகும் பஸ் மட்டும் இன்னும் நேரம் பார்த்துத் தவமிருக்க வைப்பதாகவே இருக்கிறது. வண்டி வாங்க முடிந்தவர் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, மிஞ்சிய ஆச்சியையும் கூலிக்காரியையும் பள்ளிப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பஸ் ஓடினால் நட்டம் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். கணக்கு பிழையில்லை. எவருடைய கணக்கு என்பதுதான் கேள்வி.

அந்தத் தனி வண்டிகள் எல்லாம் ஒருமுறை ஒரேயடியாக நின்றன. 2022 ஜனவரியில் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் முடிவில் 470 ரூபாய், அதுவும் இருந்தால். எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் வரிசைகள் இரவும் பகலும் கிடந்தன. பின்னர் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டியில் நாளுக்குப் போகவர 40 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 4 லீற்றர் ஐந்து வேலை நாளுக்குச் சரியாகப் போகும். சந்தைக்குப் போக, பிள்ளையை டியூசனுக்கு விட, கோயிலுக்குப் போக ஒரு துளி மிஞ்சாது. படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் அந்த மாதங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. பிள்ளைகள் இக்கரையில் இருந்தார்கள், ஆசிரியர்கள் அக்கரையில். கொரோனாவுக்காக மூடிய கதவுகள் திறந்து அதிக நாள் ஆகவில்லை. நாடு முழுவதும் பள்ளிக்கூடம் மறுபடி மூடி, திறந்தபோதும் சில காலம் வாரத்தில் மூன்று நாள்தான். தங்கிப் படிப்பித்த பழைய ஆசிரியரை ஊரார் அப்போது பெயர் சொல்லி நினைத்தார்கள்.

சைக்கிளும் திரும்பி வந்தது. பத்தாயத்தின் பின்னால் தூசி பிடித்துக் கிடந்ததை இழுத்து, ரியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வெளியே எடுத்தார்கள். சைக்கிள் திருத்துபவரின் கொட்டிலில் கூட்டம். கழுத்துப்பட்டியோடு வங்கி முகாமையாளர் சைக்கிளில் போனார். ஊர் கொஞ்சம் அமைதியாகவும் இருந்தது. இந்த நிலை நீடிக்கட்டும் என்று பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. நீடிக்கவில்லை. பெற்றோல் வந்த அன்றே சைக்கிள் பின்னால் போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு தலைமுறைக்கு முன் அந்தத் தூரத்தை சைக்கிளில் ஓடியவர் வாரத்துக்கு இரண்டு முறை ஓடினார். இன்று தினமும் இருமுறை ஓட வேண்டும். தூரம் மாறவில்லை. எத்தனை தடவை என்பது மாறிவிட்டது. பாலமும் மோட்டாரும் சேர்ந்து உருவாக்கிய இந்த நாளாந்தப் பயணத்தைக் காலின் பலத்தில் செய்யச் சொல்வது நியாயமில்லை.

வீதியில் போன உயிர்களையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். இலங்கையில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் இறக்கிறார்கள்; அதில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காப்பெற் வீதியில் இரவில் படுத்துக்கிடக்கும் மாடு, நெல் காயப்போட்ட ஓரம், விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர், பதினெட்டு வயதுப் பையனின் பல்சர். படுவான்கரை வீதிகளை அறிந்தவர்களுக்கு மேலே விவரிக்கத் தேவையில்லை.

எல்லாத் துறையிலும் பாலம் வந்துவிடவில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே, அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவே இன்னமும் பாதை ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டூர் முருகன் கோயில் திருவிழா நாட்களில் குருமண்வெளித் துறையில் நின்றால் பழைய மட்டக்களப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். வேறுபாடு, பலகை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். ஏறியவர்கள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அதன் மேலேயே இருந்து கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள்.

பாலம் வேண்டும் என்று இந்தத் துறைகளின் மக்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். கேட்பது சரி. பக்கத்து மாவட்டத்தில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது 2021 நவம்பர் 23 அன்று மாற்றுப் பயணத்துக்கு விட்ட மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதன் பிறகு எந்தத் துறையிலும் பிள்ளையை ஏற்றிவிடும் தாய் நிம்மதியாக இருந்திருக்க மாட்டாள். பாலத்தின் அகலம் எவ்வளவு, எந்த நாடு காசு தரும், எந்த ஆட்சியில் அடிக்கல் என்றெல்லாம் கூட்டங்களில் பேசப்படுகிறது. அதன் மேலால் காலை ஆறரைக்கு ஒரு பஸ்ஸும் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸும் ஓட வேண்டும் என்ற கோரிக்கை அந்தக் கூட்டங்களில் எழுவதில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.